புஷ்பம் போட்ட போஞ்சியும் நத்தைகளும்

1

புஷ்பம், இதை முதலில் உன்னிடம்தான் சொல்ல வேண்டும். போன மழைக்காலம் முழுவதும் உன் அண்ணன் நத்தை பிடித்துக்கொண்டிருந்தான். அங்கே தேயிலைச் செடி வெட்டக் கவ்வாத்துக் கத்தி பிடித்த கை, இங்கே கம்பெனியில் லேத் மிஷின் பிடிக்கிற கை. அந்தக் கையால் விடிந்ததும் ஈரச் சாக்கைத் தூக்கிப் பார்த்து, வழுவழு என்று ஒட்டிக்கொண்டிருப்பதை ஒவ்வொன்றாகப் பிய்த்துப் பால்மாவு டின்னில் போட்டேன். நீ பார்த்திருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாய். நீ இல்லாததால்தான் பிடித்தேன் என்பது வேறு விஷயம்.

இனி தேயிலைத் தோட்டத்தில் இருக்கிற உங்கள் எல்லாருக்கும் சொல்கிறேன். அம்மா, நான், புஷ்பம், சின்னவள் ராணி என்று நாலு பேர் கப்பல் ஏறினோம். அப்பா உங்களோடு தேயிலைக்கு அடியிலேயே இருந்துவிட்டார். இங்கே வந்து புஷ்பமும் போன தை மாதம் காய்ச்சலில் போய்விட்டாள். அந்தச் செய்தி உங்களுக்கு வந்து சேர்ந்தது, நீங்கள் அழுதது எங்களுக்கு வந்து சேர்ந்தது. இந்தத் தையில் அவளுக்குத் தலைத்திவசம் கொடுத்தோம். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். அழ வைக்க இல்லை. நடந்தது பாதிக்கு மேல் சிரிப்புச் சமாச்சாரம். நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவன். எழுத்துப் பிழையை ராணி பார்த்துத் திருத்தினாள். பாஷைப் பிழையை அவளால் திருத்த முடியவில்லை, ஏனென்றால் இப்போது அவள் பாஷையே வேறு.

2

போஞ்சி எப்படிக் கடல் தாண்டியது என்று உங்களில் சில பேருக்குத் தெரியாது.

லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் புஷ்பம் போஞ்சிக் கொடி ஏற்றியிருந்தாள் அல்லவா, கிளம்புகிற வாரம் அதில் முற்றிய காயை எல்லாம் உரித்து விதை எடுத்தாள். விதை கொண்டுபோனால் ராமேஸ்வரத்தில் பிடுங்கிப் போட்டுவிடுவார்கள் என்று யாரோ சொன்னார்கள். உண்மையோ பொய்யோ, பயந்துவிட்டோம். அவள் ராணியின் துணிப் பொம்மையைப் பிரித்தாள். உள்ளே இருந்த பஞ்சை எடுத்துவிட்டு விதையை அடைத்துத் தைத்தாள்.

ராமேஸ்வரத்தில் பெட்டியைத் திறந்து பார்த்த ஆபீசர் பொம்மையையும் எடுத்து அமுக்கினார். கல்லு மாதிரி இருந்தது.

"என்னம்மா இது, வயித்துல என்ன?"

புஷ்பம் கண்ணைச் சிமிட்டாமல் சொன்னாள்: "கப்பல்ல நெறையச் சாப்பிட்டிருச்சு சார். செரிக்கல."

அந்த மனுஷன் சிரித்துவிட்டார். இந்தியா எங்களைச் சிரித்துக்கொண்டே வாங்கியது அந்த ஒரு இடத்தில்தான். அதற்கு அப்புறம் மண்டபம் முகாம், வரிசை, கையெழுத்து, வரிசை, கைநாட்டு, மறுபடி வரிசை.

பல இடம் சுற்றிக் கடைசியில் வடக்குப்பட்டில் வந்து விழுந்தோம். ஒரகடத்துக்குப் பக்கம். கன்னியம்மாக்கா என்று ஒருவர் வீட்டுக்குப் பின்னால் ஒரு ஓட்டு வீடு, அதையொட்டிக் கொஞ்சம் மண். அந்த மண்ணைப் பார்த்ததும் புஷ்பம் பொம்மையைத் தேடினாள். சித்திரை வெயிலில் ஊன்றினாள். கருகிப்போனது. ஆடியில் ஊன்றினாள். பூத்தது, காய்க்கவில்லை. இந்த ஊரில் கார்த்திகைப் பனி இறங்கும்போது போட்டால்தான் போஞ்சிக்கு நம் மலை ஞாபகம் வருகிறது என்று மூன்றாவது தடவை கண்டுபிடித்தாள். அந்த வருஷம் காய்த்தது. விதை எடுத்து மறுபடியும் பொம்மைக்குள் வைத்துத் தைத்தாள். அடுத்த வருஷமும் அப்படியே. பெட்டி இருக்கிறது, டின் இருக்கிறது, ஆனால் விதையை வைக்கிற இடம் அவளுக்குப் பொம்மை வயிறுதான்.

ஒரு தடவை மிஞ்சிய காயை வாலாஜாபாத் சந்தைக்கு எடுத்துக்கொண்டு போனோம். கடைக்காரர் கையில் எடுத்துப் பார்த்தார்.

"போஞ்சிங்க, எளசா இருக்கு," என்றாள் புஷ்பம்.

"இன்னாது?"

"போஞ்சி."

"பீன்ஸும்மா இது. பேர் தெரியாமயே விக்க வந்துட்டியா?"

"எங்க ஊர்ல இதுக்குப் போஞ்சிதான் பேரு. நீங்க வாங்கினப்புறம் உங்க இஷ்டப்படி பேர் வச்சுக்கங்க."

அவர் வாங்கிக்கொண்டார். அப்புறம் எங்களைக் கண்டாலே "வாம்மா போஞ்சி" என்றுதான் கூப்பிடுவார். அவள் போன பிறகு நான் தனியாகப் போனபோதும் "போஞ்சி வரலியா?" என்று கேட்டார். சொன்னேன். தராசைக் கீழே வைத்துவிட்டார்.

3

போன கார்த்திகையில் ஒரு நாள் அம்மா அடுப்படியில் இருந்தபடியே சொன்னாள்: "தலைத்திவசத்துக்கு அவ போட்ட போஞ்சியில ஒரு கறி வச்சுப் படைக்கணும்டா தம்பி. வேற ஒண்ணும் வேணாம் அவளுக்கு."

வருஷம் பூராவும் அம்மா கேட்டது இது ஒன்றுதான். புடவை வேண்டாம், சாப்பாடு வேண்டாம், யாரும் பேசவும் வேண்டாம் என்று இருந்தவள். அதனால் எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. ராணி பொம்மையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்துவிட்டு, "நீயே பிரிண்ணா, எனக்குக் கை வரல," என்றாள். உள்ளே ஒரு கைப்பிடிதான் இருந்தது. பழைய விதை. இந்தப் பனியில் போடாவிட்டால் அடுத்த வருஷம் முளைக்காது. எல்லாவற்றையும் ஊன்றிவிட்டேன்.

முளைத்தது. இரண்டு இலை விட்டது. ராணி பள்ளிக்கூடம் போகுமுன் ஒரு தடவை, வந்ததும் ஒரு தடவை பார்ப்பாள்.

ஒரு நாள் காலையில் பார்த்தால் ஓரத்தில் இருந்த செடிகள் மொட்டையாக நிற்கின்றன. தண்டு மட்டும் இருக்கிறது, இலையைக் காணோம். மீதிச் செடிகளில் இலை முழுக்க ஓட்டை. மண்ணில், செங்கல்லில், குளிக்கிற இடத்துச் சுவரில் எல்லாம் வெள்ளி ஜரிகை இழுத்த மாதிரி கோடு.

உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இங்கே முட்டைக்கோஸ் என்கிற கோவா, லீக்ஸ் போட்ட எல்லாருக்கும் தெரியும். ஓடில்லாத நத்தை. மலையோடு அதை விட்டுவிட்டு வந்தோம் என்றிருந்தேன். இந்தக் காய்ந்த சீமையில், ஒன்பது மாதம் மண் வெடித்துக் கிடக்கிற ஊரில், எங்கே ஒளிந்திருந்ததோ தெரியாது. மழை விழுந்ததும் கல்லைத் தூக்கினால் நத்தை, சட்டியைத் தூக்கினால் நத்தை. இங்கே உள்ளது கறுப்பாகத் தோல்செருப்பு அறுந்த துண்டு மாதிரி இருக்கிறது. ஒரு விதத்தில் எனக்கு ஊர்க்காரனைப் பார்த்த மாதிரிதான் இருந்தது. ஆனால் ஊர்க்காரன் என்பதற்காகப் போஞ்சியை விட முடியுமா?

அங்கே நாம் சுண்ணாம்புத் தூளைப் பாத்தியைச் சுற்றிக் கோடு போடுவோம். இங்கே போட்டேன். சாயங்காலம் மழை பெய்து கரைத்துவிட்டது. சாம்பல் போட்டேன். அதுவும் சேறாகிப் போனது. சரி, உப்புதான் வழி என்று முடிவு செய்தேன்.

4

வீட்டில் உப்பு தீர்ந்திருந்தது. விளக்கு வைத்த நேரம். கன்னியம்மாக்கா வாசலில் போய் நின்றேன். அக்கா வாய் கொஞ்சம் பெரிசு. மனசு அதைவிடப் பெரிசு. புஷ்பம் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ராணிக்குத் தலை வாரிப் பின்னி, சோறு போட்டு, தன் பிள்ளைகளோடு படுக்க வைத்துக்கொண்டவர் அவர்தான்.

"இன்னா லிங்கம், இந்நேரத்துல?"

"கொஞ்சம் உப்பு வேணுங்கா."

"விளக்கு வச்சப்புறம் வந்து உப்பு கேக்கறியே, உனுக்கு அறிவு கீதா? லட்சுமியைத் தூக்கிக் குடுன்ற மாதிரி கீது. அரிசி கேளு தரேன், பருப்பு கேளு தரேன்."

"சமைக்க இல்லக்கா. நத்தை மேல போட. போஞ்சியெல்லாம் தின்னுட்டுப் போகுது."

அக்கா முறத்தைக் கீழே வைத்துவிட்டார்.

"நல்லாக் கேட்டே போ. வருசம் திரும்பல, சாவு நடந்த வூட்டுல உசுரை உப்பு போட்டுத் துடிக்க வைப்பியா? ஒரு வருசம் வரைக்கும் செத்தவங்க வூட்டைச் சுத்திக்கினுதான் கீறாங்க. எந்த ரூபத்துல வராங்கன்னு யாரு கண்டா? எங்க மாமியார் செத்துப் போன வருசம் எங்க வூட்டுக்காரர் ஒரு எறும்பைக்கூட மிதிக்கல."

அவர் வீட்டுக்காரர் முனுசாமி அண்ணன் உள்ளே இருந்து, "அந்த வருசம் என் காலு ஒடிஞ்சி கட்டு போட்டுக்கினு இருந்தேன், எங்க மிதிக்கறது?" என்றார்.

"நீ சும்மா கெட." அக்கா என் பக்கம் திரும்பினார். "அந்தப் பொண்ணு ஆசையா வச்ச செடி. அதைத் தேடிக்கினு ஒண்ணு வருதுன்னா எனுக்கு வேற மாதிரி தோணுது, தம்பி. அவ்ளோதான் சொல்வேன்."

நான் சிரித்துவிட்டு வந்தேன். ஆனால் பின்னால் அம்மா நின்றுகொண்டிருந்தது எனக்குத் தெரியாது. விளக்கு எடுத்துக்கொண்டு என்னைத் தேடி வந்தவள், முழுவதையும் கேட்டுவிட்டாள்.

மறுநாள் காலையில் அம்மா பாத்திக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு இருந்தாள். செங்கல் ஓரத்தில் ஒரு நத்தை. மற்றதைவிடப் பெரிசு, முதுகில் வெளுப்பாக ஒரு கோடு ஓடியது. அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணையும் கொல்லக் கூடாது," என்றாள். "தெவசம் முடியிற வரைக்கும்."

"அப்ப போஞ்சி?"

"போஞ்சியும் வேணும்."

5

அப்படித்தான் பால்மாவு டின் வந்தது. நத்தையைக் கொல்லாமல் நாடு கடத்துவது என்று ராணியும் நானும் தீர்மானித்தோம். நாங்களே அப்படி வந்தவர்கள்தானே, அனுபவம் இருந்தது.

பகலில் அது ஈரத்தில் ஒளிந்துகொள்ளும். அதனால் சாயங்காலம் பாத்தி ஓரத்தில் கோணிச்சாக்கை நனைத்து விரித்துவைப்போம். காலையில் தூக்கினால் அடியில் குடும்பம் குடும்பமாக இருக்கும். எடுத்து டின்னில் போட்டு, மூடியில் ஆணியால் ஓட்டை குத்தி, சைக்கிள் ஹேண்டில்பாரில் மாட்டிக்கொள்வேன். கம்பெனிக்குப் போகிற வழியில் ஏரிக்கரையில் இறங்கி, புல்லில் கொட்டிவிட்டுப் போவேன். ஏரிக்கரையில் போகிறவர்கள் முதல் நாள் பார்த்தார்கள். இரண்டாம் நாள் சிரித்தார்கள். அதற்கு அப்புறம் "இன்னிக்கு எத்தினி பேர்பா?" என்று விசாரித்தார்கள்.

ஒரு நாள் ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது. ஏரியில் நிற்காமல் நேரே கம்பெனிக்குப் போய், டின்னோடு சைக்கிளை ஷெட்டில் விட்டுவிட்டேன். சாயங்காலம் வெளியே வரும்போது கேட்டில் சோதனை. எங்கள் கம்பெனியில் நட்டும் போல்ட்டும் செய்கிறோம். யாரும் மடியில் கட்டிக்கொண்டு போய்விடக் கூடாது என்று வாட்ச்மேன் ஏழுமலை ஒவ்வொருவரையும் தடவிப் பார்த்துத்தான் விடுவார். பட்டாளத்தில் இருந்து வந்தவர்.

"டப்பாவுல இன்னா, சிலோனு?"

அங்கே நம்மை இந்தியாக்காரன் என்றார்கள், இங்கே எனக்குச் சிலோன் என்று பேர். பழகிவிட்டது.

"நத்தைண்ணே."

"இன்னாது?"

"நத்தை."

திறந்து பார்த்தார். உடனே மூடினார். மறுபடி திறந்தார். எனக்குப் பின்னால் இருந்தவன், "எல்லாரும் நட்டு திருடுவான், இவன் நத்தை திருடிக்கினு போறான்டா," என்றான். வரிசை முழுக்கச் சிரிப்பு.

ஏழுமலை அண்ணன் சிரிக்கவில்லை. அவருக்குச் சட்டம்தான் முக்கியம். "உள்ளேந்து எந்தப் பொருள் வெளிய போனாலும் கேட் பாஸ் வேணும்."

"இது வெளிய இருந்து வந்ததுதாண்ணே. காலையில நான்தான் கொண்டாந்தேன்."

"வந்தப்ப எழுதினியா? எழுதல. அப்ப இது கம்பெனி நத்தை."

சூப்பர்வைசர் வந்தார். கேட் பாஸ் புஸ்தகத்தைக் கொண்டுவரச் சொன்னார். பொருள் என்ற இடத்தில் நத்தை என்று எழுதினார். எண்ணிக்கை என்ற இடத்தில் பேனா நின்றது. ஒருவன் எண்ணினான். அதற்குள் இரண்டு விளிம்பு ஏறி வெளியே வந்தன. மறுபடி எண்ணினான். வேறு கணக்கு வந்தது. சூப்பர்வைசர் பேனாவை மூடிவிட்டு, "எதுக்குப்பா இதைத் தூக்கிக்கினு அலையறே? ஒரு கைப்பிடி உப்பு போட்டா வேலை முடிஞ்சிது," என்றார்.

எனக்கு எதையும் சுற்றிவளைத்துச் சொல்லத் தெரியாது. சொல்லிவிட்டேன். "எங்க தங்கச்சி செத்து வருசம் திரும்பல சார். அதுல ஒண்ணு அவளா இருக்கும்னு அம்மா நெனைக்குது. இல்லன்னு எனக்குத் தெரியும். அம்மாகிட்ட சொல்ல முடியல."

 ஏழுமலை அண்ணன் வெளியே வந்த இரண்டையும் தன் கையாலேயே எடுத்து உள்ளே விட்டார். மூடியைப் பார்த்தார். "ஓட்டை பத்தாதுடா, மூச்சு முட்டும்," என்று சொல்லிவிட்டு, ஆணியும் சுத்தியலும் எடுத்துவந்து இன்னும் நாலு ஓட்டை போட்டுக் கொடுத்தார். கேட் பாஸ் கேட்கவில்லை.

6

சட்டம் என்றதும் ரேஷன் கார்டு ஞாபகம் வருகிறது. புஷ்பம் பெயரை அதிலிருந்து எடுக்க வேண்டும் என்று கடையில் சொன்னார்கள். அதற்காக ஸ்ரீபெரும்புதூரில் ஆபீசுக்குப் போனேன்.

"பொறந்த ஊரு?"

"பதுளைப் பக்கம் சார்."

"எந்த தாலுக்கா?"

"தாலுக்கா இல்ல சார். கடலுக்கு அந்தாண்ட."

"கடலுக்கு அந்தாண்ட எந்த தாலுக்கா?"

அவருக்கு அந்தக் கட்டம் நிரம்ப வேண்டும். கடைசியில் ஸ்ரீபெரும்புதூர் என்றே போட்டுக்கொண்டார். பிறகு, "பேரை எடுக்கணும்னா சம்பந்தப்பட்டவங்க வந்து கையெழுத்து போடணும்," என்றார்.

"சம்பந்தப்பட்டவதான் சார் செத்துட்டா."

அவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். பாவம், பிள்ளைகுட்டிக்காரர். "குடும்பத் தலைவரைச் சொன்னேம்பா," என்று மெதுவாகச் சொன்னார். குடும்பத் தலைவர் அம்மா. அம்மா கைநாட்டு வைக்க மாட்டேன் என்றாள். "வருசம் ஆகட்டும்," என்றாள். அதோடு விட்டோம். புஷ்பத்தின் சீனியை மட்டும் நாங்கள் வாங்குவதில்லை.

7

கேட்டில் நடந்ததற்கு அப்புறம் கம்பெனி முழுவதும் நத்தை வைத்தியர்கள். புகையிலைத் தண்ணி தெளி என்பான் ஒருவன். சாயங்காலம் தண்ணி ஊற்றாதே, காலையில் ஊற்று, ராத்திரி மண் காய்ந்திருந்தால் அது வராது என்றான் ஒருவன். அது நல்ல யோசனை. செய்தேன். சூப்பர்வைசர் லேத்தில் கழிக்கிற இரும்புச் சுருளை ஒரு பை நிறைய அவரே பாஸ் போட்டுக் கொடுத்தார். பாத்தியைச் சுற்றிப் போட்டால் குத்தும், தாண்டி வராது.

போடப் போனேன். அம்மா பையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம். கால் கிழிஞ்சிரும்."

"யாருக்கு?"

"அவளுக்கு."

ராணி பக்கத்தில் நின்று, "நத்தைக்கு ஏதும்மா காலு? வவுறுதான் கீது," என்றாள்.

"இன்னா, கீதுன்னு எதிர்வீட்டுப் புள்ள மாதிரி பேசாதடி. உங்கக்கா இருந்தா நாக்குல சூடு வச்சிருப்பா."

"நீயுந்தான் இப்ப இன்னான்னு சொன்னே."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பல மாதத்துக்கு அப்புறம் நாங்கள் பார்த்த முதல் சிரிப்பு அது. வாயை முந்தானையால் மூடிக்கொண்டாள். இரும்புச் சுருள் போகட்டும் என்று பையைச் சுவரில் மாட்டினேன்.

அன்றைக்குச் சாயங்காலம் அம்மா தானாகவே ஒரு வேலை செய்தாள். பூசணிக்காய்த் தோலும் வெள்ளரித் தோலும் ஒரு தட்டில் எடுத்துக்கொண்டு போய், பாத்திக்கு எதிர்மூலையில், ஈரச் சாக்குக்கு அடியில் வைத்தாள். தண்ணீரும் தெளித்தாள். "பசிச்சா இதைத் தின்னட்டும்," என்றாள். செத்த பெண்ணுக்குச் சோறு வைக்கிற மாதிரிதான் வைத்தாள்.

காலையில் தூக்கிப் பார்த்தால் ஊரே அங்கே விருந்துக்கு வந்திருந்தது. போஞ்சிப் பாத்தியில் ஒன்றிரண்டுதான். சுண்ணாம்பு, சாம்பல், சூப்பர்வைசர் எல்லாரும் தோற்ற இடத்தில் பூசணித் தோல் ஜெயித்தது. உங்களில் கோவா போடுகிறவர்கள் செய்து பாருங்கள். செடிக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், தள்ளி வையுங்கள். செடியைச் சுற்றிப் புல்லும் கல்லும் இல்லாமல் துடைத்து வையுங்கள். காலையில் வெயில் ஏறுமுன் எடுத்துவிட வேண்டும்.

ஒரே ஒரு சங்கடம். முதுகில் வெள்ளைக் கோடு போட்ட பெரிய நத்தையை மட்டும் டின்னில் போட அம்மா விடவில்லை. அது விருந்துக்கும் வராது. நேரே போஞ்சிக்குத்தான் போகும். கொடி குச்சி ஏறிப் பூவெடுத்தது, இது பூவைத் தின்றது. பிஞ்சு விட்டது, பிஞ்சைக் கடித்தது. காலையில் நான் அதைப் பிடித்தால் அம்மா வாங்கிச் செங்கல் ஓரத்திலேயே விடுவாள்.

"இது தின்னுக்கிட்டே இருந்தா படையலுக்குக் காய் இருக்காதும்மா," என்றேன்.

"அவளுக்குத்தானே படைக்கிறோம். அவளே எடுத்துக்கிறா."

 கன்னியம்மாக்காவிடம் போய்ச் சொன்னேன். நீங்கள் ஆரம்பித்தது, நீங்களே முடித்து வையுங்கள் என்றேன்.

அக்கா வந்தார். கொஞ்ச நேரம் பாத்தியைப் பார்த்தார். "யம்மா, நான் ஏதோ வாய் தவறிச் சொன்னேன்," என்றார். "அது வெறும் பூச்சியாக்கூட இருக்கும்."

"நீ நல்லதுதான் சொன்னே," என்றாள் அம்மா. "இத்தனை மாசம் கழிச்சு எனக்குப் பேச ஆள் குடுத்தே."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கு அக்கா வீட்டிலிருந்து எங்களுக்கு வந்த குழம்பில் உப்பு இல்லை.

8

திவசத்துக்கு முதல் நாள் கொடியில் தேடினேன். நல்ல காய் ஒரு குடும்பத்துக்கு ஒரு வேளைக்குக்கூடக் காணாது. ஒரு கொடியின் உச்சியில்தான் நீளமாக, கொத்தாகத் தொங்கியது. அதையும் சேர்த்தால் படையல் இலையில் வைக்கலாம், ஆளுக்கு ஒரு கரண்டி வரும். விடிந்ததும் பறிக்கலாம் என்று விட்டேன்.

விடிந்ததும் போனால், அம்மா எனக்கு முன்னால் தலைக்கு ஊற்றிக்கொண்டு ஈரத் தலையோடு அங்கே நிற்கிறாள். உச்சிக் கொத்துக்குக் கீழே, குச்சியில் பாதி ஏறி, வெள்ளைக் கோடு போட்ட நத்தை போய்க்கொண்டிருந்தது.  ராணியும் வந்து நின்றாள்.

அம்மா அதைக் கையில் எடுத்தாள். உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். அது கொம்பை நீட்டிப் பார்த்தது.

"வந்து எல்லாம் பாத்துட்டியா?" என்றாள் அம்மா. "செடி நல்லாத்தான் வளந்துச்சு. அண்ணன் ஒழுங்கா வேலைக்குப் போறான். சின்னவதான் நாக்கு திரும்பிப் போயிட்டா, மத்தபடி படிக்கிறா. நான் இருக்கேன். நீ தின்னது போதும். மிச்சத்தை வர்றவங்களுக்கு வைக்கணும்ல?"

ராணி போய்ப் பால்மாவு டின்னை எடுத்து வந்தாள். அம்மா கொஞ்சம் பூசணித் தோலை அடியில் போட்டு, அதன்மேல் நத்தையை வைத்து, மூடியை அவளே மூடினாள். ஓட்டை எல்லாம் திறந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். ஹேண்டில்பாரில் அவளே மாட்டினாள்.

"மெதுவா ஓட்டு," என்றாள். "பள்ளத்துல விடாத."

மெதுவாகத்தான் ஓட்டினேன். ஏரி வரைக்கும் ஒரு பள்ளத்திலும் விடவில்லை.

திரும்பி வரும்போது அம்மா போஞ்சிக்குத் தேங்காய்ப்பால் விட்டுக்கொண்டிருந்தாள். நம் ஊர் மாதிரி மஞ்சள் மட்டும் போட்டு வெள்ளைக்கறி. இலையில் படைத்தோம். காக்கைக்கு வைத்தோம். கன்னியம்மாக்கா, முனுசாமி அண்ணன், வாட்ச்மேன் ஏழுமலை அண்ணன் எல்லாரும் வந்தார்கள். ஆளுக்கு ஒரு கரண்டி வந்தது. எனக்கு அரைக் கரண்டி.

"இன்னாது, பீன்ஸுல பாலை ஊத்தி வச்சிக்கீறீங்க?" என்று கேட்டுக்கொண்டே அக்கா இலையை வழித்துச் சாப்பிட்டார்.

"பீன்ஸ் இல்லக்கா. போஞ்சி," என்றாள் ராணி.

உச்சிக் கொத்தில் இரண்டு காயை அம்மா பறிக்க விடவில்லை. அது முற்றிக் காய்ந்துகொண்டிருக்கிறது. ராணி பொம்மையின் வயிற்றைத் தைக்காமல் திறந்தே வைத்திருக்கிறாள்.

ரேஷன் கார்டில் புஷ்பம் பெயர் இன்னும் இருக்கிறது. ஒரு நாள் போவோம், அவசரமில்லை.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். புஷ்பம் உங்கள் கண்முன்னால் வளர்ந்த பெண். கொழுந்துக் கூடையோடு உங்கள் கூட மலை ஏறியவள். அப்பா படுத்திருக்கிற தேயிலைப் பக்கம் போகிறவர்கள் ஒரு நிமிஷம் நின்று, உங்க மக நல்ல இடம் சேரட்டும் என்று சொல்லிவிட்டுப் போங்கள். மாரியம்மனுக்கு விளக்கு வைக்கிறவர்கள் அவள் பெயரையும் ஒரு தடவை சொல்லுங்கள். சாமி கும்பிடாதவர்கள் போஞ்சி ஊன்றும்போது ஒரு விதையை அவளை நினைத்து ஊன்றுங்கள். எங்கள் தங்கச்சிக்காக எல்லாரும் வேண்டிக்கொள்ளுங்கள்.